வாசகர் கேள்விகள்: கான்கிரீட் அரண்களும் அவற்றை உடைத்துப் பார்த்த சோதனைகளும்

சென்ற மாத இதழில் ஜெர்மனியின் ப்ரேமன் நகருக்கு அருகே வேசர் ஆற்றங்கரையில் நிற்கும் 'வாலன்டின்' என்னும் நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் பங்கரைப் பற்றி, அதன் கூரையை 1945 மார்ச்சில் இரண்டு பெருங்குண்டுகள் தாக்கின என்று இரண்டே வரிகள் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிகளுக்கு வந்த கடிதங்கள் இந்தப் பகுதியை முழுமையாக நிரப்பும் அளவுக்கு இருந்ததால், இம்மாதம் வேறு கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: கான்கிரீட் அரண்களை உடைத்துப் பார்க்கும் ராணுவச் சோதனைகள் எப்போது தொடங்கின? முதலில் வந்தது கான்கிரீட்டா, அதை உடைக்கும் குண்டா?
– பொறியியல் மாணவி, கோவை

குண்டுதான் முதலில் வந்தது. 1870–71 போரில் பிரஷ்யாவிடம் தோற்ற பிரான்ஸ், தன் கிழக்கு எல்லை நெடுகிலும் புதிய கோட்டைகளை எழுப்பியது. கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் கொண்டு வளைவுக் கூரைகள் கட்டி, அவற்றின்மேல் பல அடி உயரத்துக்கு மண்ணைக் கொட்டி மூடிய கோட்டைகள் அவை. கரும்பொடி அடைத்த அக்காலத்துப் பீரங்கிக் குண்டுகளுக்கு அந்த மண் போதுமானதாக இருந்தது. 1885 வாக்கில் யூஜின் துர்ப்பன் என்ற வேதியியலாளர், பிக்ரிக் அமிலத்தைக் குண்டுக்குள் பாதுகாப்பாக அடைக்கும் வழியைக் கண்டார். 'மெலினைட்' என்று பெயர் பெற்ற அந்த வெடிமருந்து, கரும்பொடியைப் போலத் தள்ளாமல், தகர்க்கும் தன்மை கொண்டது.

அப்போது பிரெஞ்சு ராணுவம் செய்த காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். லான் நகருக்கு அருகே, கட்டி முடித்துப் பத்தாண்டுகூட ஆகாத தன்னுடைய மல்மேசான் கோட்டையைத் தானே இலக்காக நிறுத்தி, 1886 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மெலினைட் குண்டுகளால் சுட்டுப் பார்த்தது. முடிவு மிகக் கசப்பானது. 220 மில்லிமீட்டர் குண்டுகள் மண்ணைத் துளைத்து உள்ளே போய் வெடித்தபோது கல் வளைவுகள் இடிந்து விழுந்தன. பெரும்பொருள் செலவழித்துக் கட்டிய கோட்டை வரிசை முழுவதும் ஒரே பருவத்தில் பழையதாகிவிட்டது என்பதை அந்த நாடு தன் கையாலேயே நிரூபித்துக்கொண்டது.

மாற்று எது என்பதைத் தேடி அடுத்த சோதனைகள் பூர்ஜ் நகரின் சுடுதளத்தில் நடந்தன. அங்கிருந்து வெளிவந்த விடைதான் கான்கிரீட். பழைய கல் வளைவை இடிக்காமல், அதன்மேல் ஒரு மெத்தை போல மணலைப் பரப்பி, அந்த மணலின்மேல் தடித்த கான்கிரீட் ஓட்டைப் போர்த்தினார்கள். குண்டு கான்கிரீட்டில் வெடிக்கும். அதன் அதிர்ச்சியை மணல் வாங்கிப் பரப்பிவிடும். கீழே உள்ள வளைவுக்கு நேரடி அடி போகாது. வெர்தூன் நகரைச் சுற்றியிருந்த கோட்டைகள் பலவும், புகழ்பெற்ற தூவமோன் கோட்டை உட்பட, இந்த முறையில்தான் வலுப்படுத்தப்பட்டன.

கேள்வி: நான் நாற்பது ஆண்டுகளாகக் கட்டட வேலை செய்பவன். முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் கோட்டைகள் கான்கிரீட் சரியாகப் போடாததால் விழுந்தன என்று என் மகன் படித்துச் சொன்னான். இது உண்மையா?
– கட்டட மேஸ்திரி, திருநெல்வேலி

பெரும்பகுதி உண்மை. உங்களைப் போன்றவர்கள் ஒரு நொடியில் புரிந்துகொள்ளக்கூடிய காரணம் அது.

லியேஜ் நகரைச் சுற்றி வட்டமாக நின்ற 12 கோட்டைகளை ஜெனரல் பிரியால்மோன் வடிவமைத்தார். 1888இல் தொடங்கி நான்கே ஆண்டுகளில் கட்டி முடித்தார்கள். அவற்றின் கான்கிரீட்டில் கம்பி கிடையாது. வெறும் ஜல்லியும் மணலும் சிமென்டும்தான். அதைவிட மோசமான குறை ஒன்று உண்டு. இரவில் வேலை செய்ய வெளிச்சம் இல்லாததால், பகலில் கான்கிரீட் கொட்டுவதும் மாலையில் நிறுத்துவதும் மறுநாள் காலையில் அதன்மேல் அடுத்த அடுக்கைக் கொட்டுவதுமாக வேலை நடந்தது. தளம் போடும் நாளில் விடியற்காலையில் தொடங்கி, இருட்டினாலும் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும் என்று நீங்கள் ஏன் பிடிவாதம் பிடிப்பீர்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இறுகிப்போன பழைய கான்கிரீட்டோடு புதியது ஒன்றாகச் சேராது; நடுவே ஒரு 'கோல்ட் ஜாயின்ட்' நின்றுவிடும். நான் மேற்பார்த்த ஒரு கட்டடத்தில் மழையால் பாதியில் நிறுத்திய தளத்தை மறுநாள் தொடர்ந்தோம். பிறகு ஒவ்வொரு ஐப்பசியிலும் சரியாக அந்தக் கோட்டின் வழியேதான் நீர் கசிந்தது. லியேஜில் அந்தக் கோடுகள் கோட்டை முழுவதும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

ஆனாலும் கொத்தனார்கள்மீது முழுப் பழியையும் போடுவது நியாயமாகாது. அந்தக் கோட்டைகள் 21 சென்டிமீட்டர் குண்டுகளைத் தாங்குவதற்காக வடிவமைக்கப்பட்டவை. அவை கட்டப்பட்ட காலத்தில் படையோடு இழுத்துவரக்கூடிய மிகப்பெரிய பீரங்கி அதுதான். 1914 ஆகஸ்டில் ஜெர்மானியர் கொண்டுவந்தது க்ருப் நிறுவனத்தின் 42 சென்டிமீட்டர் பீரங்கி. அதன் ஒவ்வொரு குண்டும் 800 கிலோ அளவுக்கு எடை கொண்டது. வானத்தில் உயரப் போய்ச் செங்குத்தாக இறங்கும்.

ஆகஸ்ட் 15 அன்று மாலை, லோன்சன் கோட்டையின் வெடிமருந்துக் கிடங்குக்குள் அப்படி ஒரு குண்டு இறங்கியது. கோட்டையின் நடுப்பகுதி மேலே எழும்பிச் சரிந்தது. உள்ளே இருந்த சுமார் 550 பேரில் ஏறத்தாழ 350 பேர் இறந்தார்கள். தளபதி லெமான் இடிபாடுகளிடையே நினைவிழந்த நிலையில் சிறைப்பிடிக்கப்பட்டார். இறந்தவர்களில் பலரை வெளியே எடுக்கவே முடியவில்லை. இன்றும் அந்தக் கான்கிரீட் பாறைகளின் கீழேதான் இருக்கிறார்கள். அந்த இடம் ஒரு கல்லறையாகவே பேணப்படுகிறது.

மற்றக் கோட்டைகள் சில, சுவர் உடைவதற்கு முன்பே சரணடைந்தன. காற்றோட்டம் இல்லை. வெடித்த குண்டுகளின் நச்சுப் புகையும் சொந்தப் பீரங்கிகளின் புகையும் சுரங்க அறைகளில் தேங்கி, வீரர்களால் மூச்சுவிட முடியாமல் போயிற்று. கான்கிரீட்டின் தடிமனைக் கணக்கிட்டவர்கள் உள்ளே இருப்பவர்களின் மூச்சைக் கணக்கிடவில்லை.

லியேஜின் வீழ்ச்சியைப் பிரெஞ்சுத் தலைமை தவறாகப் படித்துக்கொண்டதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கம்பியில்லாத, அடுக்கடுக்காகப் போட்ட பெல்ஜியக் கான்கிரீட் உடைந்ததைப் பார்த்துவிட்டு, கோட்டை என்பதே இனிப் பயனற்றது என்று முடிவுகட்டி, 1915 ஆகஸ்டில் வெர்தூன் கோட்டைகளின் படைகளையும் பீரங்கிகளையும் பெரும்பாலும் விலக்கிக்கொண்டார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் தூவமோன் கோட்டை 42 சென்டிமீட்டர் குண்டுகளை வாங்கியும் குலையாமல் நின்றது என்ற நேரடிச் சான்று அவர்கள் கையிலேயே இருந்தது. 1916 பிப்ரவரி 25 அன்று, சில பத்துப் பேர் மட்டுமே காவலிருந்த அந்தக் கோட்டைக்குள் ஜெர்மானியச் சிறுகுழு ஒன்று நடந்தே நுழைந்து அதைப் பிடித்தது. அதை மீட்க எட்டு மாதங்கள் ஆயின. 400 மில்லிமீட்டர் ரயில் பீரங்கிகளைக் கொண்டுவந்து தன் கோட்டையைத் தானே துளைக்க வேண்டிய நிலை பிரான்ஸுக்கு ஏற்பட்டது.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நாங்கள் பனங்குற்றிகளை அடுக்கி மண்மூட்டை போட்டு மூடியதையும் பங்கர் என்றுதான் சொன்னோம். கான்கிரீட் இல்லாத பங்கர்களைப் பற்றிச் சோதனைகள் நடந்தது உண்டா?
– வாசகர், டொராண்டோ

உண்டு. பனைக்குப் பதிலாகத் தென்னை என்பதுதான் வேறுபாடு.

பசிபிக் பெருங்கடலில் தராவா பவழத் தீவுக்கூட்டத்தின் பெட்டியோ தீவில், ஜப்பானியர் தென்னங்குற்றிகளையும் பவழ மணலையும் கான்கிரீட்டையும் கலந்து அரண்கள் அமைத்திருந்தார்கள். தென்னை நார்ப்பிடிப்புள்ள மரம். அடித்தால் பிளந்து சிதறாமல் உள்வாங்கும். மணலோ வெடியின் வேகத்தை விழுங்கும். 1943 நவம்பர் 20 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சில மணி நேரம் அந்தச் சிறு தீவின்மீது குண்டு மழை பொழிந்தும், பல அரண்கள் உள்ளிருந்தவர்களோடு அப்படியே நின்றன. அருகிலிருந்து சுட்ட கப்பல் குண்டுகள் தரையோடு தரையாகத் தட்டையாகப் பறந்து வந்ததால், தாழ்வான மண்மேடுகளின்மேல் பட்டுத் தெறித்துப் போயின. மூன்றே நாள் சண்டையில் அமெரிக்கத் தரப்பில் ஆயிரம் பேர் அளவுக்கு இறந்தார்கள். ஜப்பானியத் தரப்பில் கொரியத் தொழிலாளர்கள் உட்பட 4,700 பேர் அளவுக்கு இருந்த காவல்படை அநேகமாக முற்றிலும் அழிந்தது.

அதன் பிறகு ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கஹோலவேயில் பெட்டியோவின் அரண்களைப் போலவே கட்டிவைத்து, எந்தக் கோணத்தில், எந்தக் குண்டால், எவ்வளவு நிதானமாகச் சுட்டால் அவை உடைகின்றன என்று அமெரிக்கக் கடற்படை சோதித்தது. அங்கே பயிற்சி பெற்ற பிறகே கப்பல்கள் அடுத்த தீவுகளுக்குச் சென்றன. எண்ணிக்கை முக்கியமல்ல, ஒவ்வோர் அரணையும் தனித்தனியே குறிவைத்து, மேலிருந்து இறங்கும்படி சுட வேண்டும் என்பது அங்கே கிடைத்த பாடம்.

உங்கள் கடிதத்தில், பள்ளி விட்டு வரும் வழியில் எந்த வீட்டுப் பங்கர் எங்கே இருக்கிறது என்று குழந்தைகளுக்கு மனப்பாடம் என்று எழுதியிருந்தீர்கள். அதை இரண்டு முறை படித்தேன்.

கேள்வி: ஜெர்மனியின் அட்லாண்டிக் சுவரை இங்கிலாந்திலேயே கட்டிப் பார்த்தார்கள் என்கிறார்களே?
– வாசகர், திருச்சி

ஆம். லண்டனுக்குத் தென்மேற்கே சர்ரே மாவட்டத்தில் ஹாங்க்லி காமன் என்ற புதர்க்காட்டில், 1943இல் கனடாவின் படையினர் சுமார் 100 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும், உயரத்தைவிட அதிகமான தடிமனும் கொண்ட கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் ஒன்றைக் கட்டினார்கள். பிரெஞ்சுக் கடற்கரையில் ஜெர்மானியர் எழுப்பியிருந்த தடுப்புச் சுவரின் நகல் அது. ஸ்காட்லாந்தின் ஷெரிஃப்மூரிலும் இத்தகைய சுவர் உண்டு.

இதற்கான தேவை 1942 ஆகஸ்ட் 19இல் எழுந்தது. அன்று பிரான்ஸின் தியேப் துறைமுகத்தில் இறங்கிய கனடியப் படையினரில், தடைகளை வெடிவைத்துத் தகர்க்க வேண்டிய பொறியாளர்கள் வெட்டவெளியில் ஓடிப் போக நேர்ந்து, சுவரை எட்டும் முன்பே சுடப்பட்டு வீழ்ந்தார்கள். மனிதன் சுமந்துபோகும் வெடியை டாங்கியிலிருந்து வீசவோ வைக்கவோ முடியுமா என்பதே பிறகு நடந்த சோதனைகளின் கேள்வி. சர்ச்சில் டாங்கியில் பொருத்திய 290 மில்லிமீட்டர் 'பெட்டார்ட்' எறிகருவி, 18 கிலோ எடையுள்ள, தகரப் பீப்பாய் போன்ற குண்டை மிகக் குறைந்த தொலைவுக்கு எறியும். வேறொரு கருவியில், டாங்கியின் முன்னே நீட்டிய சட்டத்தில் வெடிகளைக் கட்டிக்கொண்டு போய்ச் சுவரில் சாய்த்துவிட்டு, பின்வாங்கி வெடிக்கச் செய்வார்கள். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் இத்தகைய டாங்கிகளே பிரிட்டிஷ், கனடியப் படைகளுக்கு வழி திறந்தன.

ஹாங்க்லி சுவர் இன்னும் நிற்கிறது. வெடித்த இடங்களில் கான்கிரீட் முழுவதும் உதிர்ந்துபோய், உள்ளிருந்த கம்பிகள் மட்டும் பின்னல் அவிழ்ந்த கூந்தல் போல வெளியே வளைந்து தொங்குகின்றன. கான்கிரீட்டை நொறுக்கிய வெடியால் கம்பியை அறுக்க முடியவில்லை என்பதைப் படங்களில்கூடத் தெளிவாகப் பார்க்கலாம். கம்பி நிற்கும்வரை, ஓட்டை விழுந்த பிறகும் டாங்கி நுழைய முடியாது.

கேள்வி: வாலன்டின் கூரையைத் தாக்கிய குண்டுகளைப் பற்றி விரிவாக எழுதுங்கள். கூரை தோற்றதா, குண்டு தோற்றதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

முதலில் கூரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1943 முதல் 1945 வரை சுமார் 10,000 பேரை வதைமுகாம்களிலிருந்தும் போர்க்கைதி முகாம்களிலிருந்தும் தொழிலாளர் முகாம்களிலிருந்தும் ஓட்டிவந்து அந்தக் கட்டடத்தை எழுப்பினார்கள். 400 மீட்டருக்கு மேல் நீளம், நூறு மீட்டரை ஒட்டிய அகலம். கூரையின் தடிமன் முதலில் 4.5 மீட்டர், பிறகு ஒரு பகுதியில் மேலும் கொட்டி 7 மீட்டராக உயர்த்தினார்கள். சிமென்ட் மூட்டைகளைச் சுமந்தும் பட்டினியாலும் அடியாலும் அங்கே இறந்தவர்கள் ஆவணங்களின்படியே 1,600 பேருக்கு மேல். அந்தக் கூரையின் கீழ் ஒரு நீர்மூழ்கிக் கப்பல்கூடக் கட்டி முடிக்கப்படவில்லை.

குண்டு, பிரிட்டிஷ் பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த 'கிராண்ட் ஸ்லாம்'. எடை 22,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 10 டன். இதன் கருத்து கான்கிரீட்டை நேரே துளைப்பதல்ல. இலக்குக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்து வெடித்து, பூமி அதிர்ச்சியால் அடித்தளத்தைக் குலைப்பதே வாலிஸின் எண்ணம். 1945 மார்ச் 13 அன்று நியூ ஃபாரஸ்ட் காட்டின் ஆஷ்லி வாக் சோதனைத் திடலில் முதல் குண்டு போடப்பட்டது. ஒரே ஒரு சோதனைதான். மறுநாளே ஜெர்மனியின் பீலஃபெல்ட் ரயில் பாலத்தின்மேல் அடுத்த குண்டு விழுந்தது. பாலத்தின் அருகே மண்ணில் புதைந்து வெடித்து அதன் பல வளைவுகளைச் சரித்தது. வாலிஸின் எண்ணம் சரியானது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மார்ச் 27 அன்று வாலன்டின் கூரையை நேரடியாகத் தாக்கிய இரண்டு கிராண்ட் ஸ்லாம்களும் 4.5 மீட்டர் தடிமனுள்ள பகுதியில்தான் விழுந்தன. ஏறத்தாழப் பாதி ஆழம்வரை துளைத்துச் சென்று வெடித்தன. மிச்சமிருந்த பாதியை வெடியின் வேகம் உட்புறமாக உடைத்துத் தள்ள, பெருமளவு கான்கிரீட் உள்ளே கொட்டியது. ஆகவே அந்தப் பகுதியில் கூரை தோற்றது என்றே சொல்ல வேண்டும். 7 மீட்டர் பகுதியில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி ராணுவத்தாரை விடவில்லை.

அதனால்தான் போர் முடிந்த பிறகு, 1946இல், அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து 'ப்ராஜெக்ட் ரூபி' என்ற பெயரில் அதே கூரையின்மேல் மீண்டும் குண்டு போட்டன. சுற்றிலும் மக்கள் வாழும் இடம் என்பதால் வாலன்டினில் வெடிமருந்து அடைக்காத குண்டுகளைப் போட்டு, எவ்வளவு ஆழம் இறங்குகின்றன, குண்டின் எஃகு உடல் பிளக்கிறதா என்று பார்த்தார்கள். ராக்கெட் விசையால் வேகம் கூட்டிய 'டிஸ்னி' என்ற 4,500 பவுண்டுக் குண்டும் அவற்றில் ஒன்று. மற்றொரு களம், மக்கள் ஏற்கெனவே வெளியேற்றப்பட்டிருந்த, ஜெர்மனியின் ஹெலிகோலாண்ட் தீவின் நீர்மூழ்கிப் பங்கர். அந்த அளவு தடித்த கான்கிரீட்டை முழுமையாகத் துளைத்துச் சென்று உள்ளே வெடிக்கும் குண்டு கையில் இல்லை என்பதே முடிவு. ஹெலிகோலாண்ட் பங்கரை இறுதியில் வானிலிருந்து யாரும் உடைக்கவில்லை. 1947 ஏப்ரல் 18 அன்று பிரிட்டிஷ் கடற்படை, தீவின் அரண்களுக்குள் ஆயிரக்கணக்கான டன் வெடிமருந்தை அடுக்கி ஒரே நேரத்தில் வெடிக்கச் செய்தது. தீவின் தெற்கு முனையின் உருவமே மாறிப்போயிற்று. அந்தத் தீவு 1952 மார்ச்சில்தான் மக்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது.

கேள்வி: சுவரில் ஓட்டையே விழாமல் உள்ளே இருப்பவர்கள் இறந்துபோவது எப்படி?
– பள்ளி மாணவர், சேலம்

கேரம் பலகையில் நான்கு காய்களை ஒன்றையொன்று தொடும்படி வரிசையாக வைத்து, ஒரு முனையில் ஸ்ட்ரைக்கரால் அடித்துப் பாருங்கள். நடுவில் உள்ள காய்கள் அசைவது தெரியாது. கடைசிக் காய் மட்டும் பறந்து போகும். கான்கிரீட் சுவரிலும் இதுதான் நடக்கிறது. வெளியே வெடித்த வெடியின் அழுத்த அலை சுவருக்குள் பயணம் செய்து உட்பக்கத்தை அடைகிறது. அதற்கு அப்பால் தாங்கிக்கொள்ளக் காற்றைத் தவிர வேறொன்றும் இல்லாததால், அலை திரும்பும்போது இழுவிசையாக மாறுகிறது. கான்கிரீட் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. அமுக்கத்தைத் தாங்கும் வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் அதன் இழுவலிமை. ஆகவே வீட்டு உத்தரத்தில் காரை பெயர்வதைப் போல, சுவரின் உட்பக்கம் பத்தை பத்தையாகப் பெயர்ந்து, பெரும் வேகத்தில் அறைக்குள் பறக்கிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அரண் கட்டியவர்கள் உட்கூரையில் இரும்புத் தகடுகளைப் பதித்தார்கள். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானியப் பங்கர்களின் கூரையை அண்ணாந்து பார்த்தால், இரும்பு உத்தரங்களும் அவற்றிடையே தகடுகளும் இன்றும் தெரியும். மறுபக்கம், பிரிட்டனில் டெனிஸ்டவுன் பர்னி என்பவர் இதையே ஆயுதமாக்கினார். சுவரில் பட்டதும் சாணி வறட்டியைப் போல அப்பிக்கொண்டு பிறகு வெடிக்கும் குண்டு அது. கான்கிரீட் அரண்களுக்காகவே அவர் அதை உருவாக்கினார். பிறகு டாங்கிகளுக்கு எதிராகவும் பயன்பட்டது. சென்னைக்கு அருகே ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கியின் 120 மில்லிமீட்டர் பீரங்கி சுடும் குண்டு வகைகளில் இதுவும் ஒன்று.

கேள்வி: கல்பாக்கம், கூடங்குளம் போன்ற அணுமின் நிலையங்களின் கான்கிரீட் சுவர்களுக்கும் இந்தச் சோதனைகளுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, நாகர்கோவில்

கணக்கு முறையில் தொடர்பு உண்டு. குண்டு எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதற்காக 1940களில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு ஆய்வுக் குழு உருவாக்கிய சூத்திரத்தைத் திருத்தி, சூறாவளி தூக்கி எறியும் குழாயோ உடைந்த எந்திரத்தின் துண்டோ அணுஉலைக் கட்டடத்தில் மோதினால் என்ன ஆகும் என்று கணக்கிட உலகெங்கும் பொறியாளர்கள் பயன்படுத்தினார்கள்.

நேரடிச் சோதனையும் ஒன்று உண்டு. 1988 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில், ஓர் எஃப்-4 ஃபான்டம் போர் விமானத்தைத் தண்டவாளத்தில் ஏற்றி, ராக்கெட் விசையால் மணிக்கு 770 கிலோமீட்டர் அளவு வேகத்தில், 3.7 மீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் பாறையில் மோதவிட்டார்கள். ஜப்பானிய ஆய்வு நிறுவனம் ஒன்றுக்காக நடந்த சோதனை. எரிபொருளுக்குப் பதில் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். படச்சுருளில் பார்த்தால், விமானம் மூக்கிலிருந்து வால்வரை பொடியாகிக்கொண்டே சுவருக்குள் மறைவதுபோலத் தோன்றும். உண்மையில் எஞ்சின்கள் பட்ட இடத்தில்கூட ஆறு சென்டிமீட்டர் அளவுக்கே பள்ளம் விழுந்தது. இதை வைத்து 'அணுமின் நிலையத்தை விமானத்தால் ஒன்றும் செய்ய முடியாது' என்று சொல்லிவிடக் கூடாது. அந்தப் பாறை நகரும்படி வைக்கப்பட்டிருந்தது. மோதலின் விசையை அளப்பதே நோக்கம். எந்த உண்மையான கட்டடத்தின் வலிமையையும் அங்கே சோதிக்கவில்லை.

கேள்வி: இன்றைய பங்கர் தகர்ப்புக் குண்டுகள் எப்படி வந்தன? சோதனைத் திடலில் வெற்றுச் சுவரைத்தானே உடைக்கிறார்கள்? உள்ளே மனிதர்கள் இருந்தால்?
– வழக்கறிஞர், மதுரை

உங்கள் இரண்டாம் கேள்விக்காகவே முதல் கேள்விக்கும் விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

ஆழமாக இறங்க வேண்டுமானால், எடை மிகுதியாகவும் முனையின் பரப்பு சிறிதாகவும் இருக்க வேண்டும். கோணி ஊசியும் சுத்தியலும் ஒரே எடையில் இருந்தாலும் மூட்டைக்குள் இறங்குவது ஊசிதான். இரண்டாம் உலகப் போரிலேயே ஜெர்மானியர் 'ரோக்லிங்' என்ற நீண்டு மெலிந்த குண்டைச் செய்து, தாங்கள் பிடித்திருந்த பெல்ஜியத்தின் ஓபன்-நஃப்ஷாத்தோ கோட்டையின்மேல் சுட்டுப் பார்த்தார்கள். 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கர்களுக்கு அதே வடிவம் அவசரமாகத் தேவைப்பட்டது. பாக்தாத் அருகே ஆழத்தில் இருந்த கட்டளை மையங்களைக் கையிருப்புக் குண்டுகள் எட்டவில்லை. ராணுவம் கழித்துக் கட்டியிருந்த 203 மில்லிமீட்டர் பீரங்கிக் குழாய்கள் நல்ல எஃகில் ஆனவை; அவற்றை வெட்டிக் கடைந்து குண்டின் உடலாக்கினார்கள். குழாய் மிக நீளமாக இருந்ததால், அதை வெளியே தரையில் செங்குத்தாகப் புதைத்து நிறுத்தி, உருக்கிய வெடிமருந்தை வாளி வாளியாகக் கையாலேயே ஊற்றினார்கள் பணியாளர்கள். பிப்ரவரி 24 அன்று நெவாடா பாலைவனத்தில் விமானத்திலிருந்து போட்ட சோதனைக் குண்டு நூறு அடிக்குமேல் மண்ணில் இறங்கிவிட்டது. தோண்டி எடுக்கும் முயற்சியைக் கைவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து, தண்டவாளத்தில் ராக்கெட் விசையால் ஓடவிட்ட மற்றொன்று 20 அடிக்கும் மேற்பட்ட கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியேறி மேலும் ஓடியது. அடுத்த இரண்டு நாளுக்குள் அவை ஈராக்கின் அல்-தாஜி தளத்தின்மேல் போடப்பட்டன. ஜிபியு-28 என்பது அதன் பெயர். 2025 ஜூன் 22 அன்று ஈரானின் ஃபோர்டோவில் மலைக்கு அடியிலுள்ள தளத்தின்மேல் அமெரிக்கா வீசிய 13,600 கிலோ எடையுள்ள ஜிபியு-57, இந்த வரிசையில் மிகப் பெரியது.

இதே 1991 போரில்தான், ஜிபியு-28 சோதனைக்குப் பதினொரு நாள் முன்னதாக, பிப்ரவரி 13 விடியற்காலையில், பாக்தாத் நகரின் அமிரியா பகுதியிலிருந்த கம்பி கட்டிய கான்கிரீட் புகலிடத்தின்மேல் லேசர் வழிகாட்டிய இரண்டு 2,000 பவுண்டுக் குண்டுகள் விழுந்தன. அவற்றைச் சோதித்த களங்களில் அவை எப்படிச் செயல்பட வேண்டும் என்று எழுதப்பட்டிருந்ததோ, அப்படியே செயல்பட்டன. முதல் குண்டு கூரையைத் துளைத்தது. இரண்டாவது, உள்ளே போயிற்று. அது ஒரு கட்டளை மையம் என்று தாக்கியவர்கள் நம்பியதாகச் சொன்னார்கள். உள்ளே உறங்கிக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 400 பேருக்கு மேல் இறந்தார்கள். குண்டுவீச்சிலிருந்து காப்பதற்காகவே கட்டிய தடித்த சுவர்கள் வெப்பத்தை வெளியேவிடாமல் உள்ளேயே அடைத்து வைத்தன. வெளியே ஓடி வர முடிந்தவர்கள் மிகச் சிலர்.

சோதனைத் திடலில் அளப்பது ஆழத்தை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதை அளக்கும் கருவி எந்தத் திடலிலும் இல்லை. சட்டம் படித்த நீங்கள் அதைக் கேட்டிருப்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. பொறியாளர்களும் கேட்க வேண்டும்.

கேள்வி: இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஏதேனும் இடம் உண்டா?
– வாசகர், கடலூர்

உங்கள் ஊரிலேயே உண்டு. குண்டின் வேகத்தை முதன்முதலாக நம்பகமாக அளந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். கனமான மரக்கட்டையை ஊசல்போலத் தொங்கவிட்டு, அதில் துப்பாக்கியால் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். 1742இல் அவர் வெளியிட்ட பீரங்கி இயல் நூலைக் கணித மேதை ஆய்லர் ஜெர்மனில் மொழிபெயர்த்து விளக்கவுரையும் எழுதினார். குண்டு ஒரு பொருளுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்ற கணக்கும் இவர்கள் இருவரிடமிருந்தே தொடங்குகிறது. மேலே சொன்ன சூத்திரங்கள் எல்லாம் அதன் வழிவந்தவை.

1746இல் பிரெஞ்சுக்காரரிடம் சென்னையை இழந்து, 1749இல் திரும்பப் பெற்றிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி, தன் கோட்டைகளைச் சீரமைக்க ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக அமர்த்தியது. 1750இல் அவர் வந்து இறங்கிய இடம், அப்போது கம்பெனியின் தலைமையிடமாக இருந்த புனித டேவிட் கோட்டை. சென்னைக்கும் அந்தக் கோட்டைக்கும் புதிய அரண் திட்டங்களை வரைந்துகொண்டிருந்தபோது காய்ச்சல் கண்டு, 1751 ஜூலை 29 அன்று அங்கேயே இறந்தார். தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலில் சேரும் இடத்துக்கு அருகே, அந்தக் கோட்டையின் எஞ்சிய பகுதிகளை நீங்கள் மாலை நடையிலேயே போய்ப் பார்த்துவிடலாம்.